கடலைக்குத் துரு பிடித்தால்

(சென்னை வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்தப் பேச்சைப் பதிவு செய்ய நான் வந்திருக்கிற வானொலி நிலையம் மயிலாப்பூரில் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் சாந்தோம். பதிவுக்கு நேரம் இருந்ததால் காலையில் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வந்தேன். எந்த வீட்டு இரும்புக் கேட்டில் கை வைத்தாலும் விரலில் செங்காவி ஒட்டுகிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் ஹாண்டில்பார், டீக்கடைத் தகரம் எதுவும் தப்பவில்லை. "கடலோரம் இருந்தா இரும்புக்கு ஆயுசு கம்மி சார். உப்புக் காத்து தின்னுடும்" என்றார் டீக்கடைக்காரர்.

அந்தச் செங்காவி நிறத்தைப் பார்த்ததும் எனக்கு உங்கள் மல்லாட்டைக் கொல்லைதான் ஞாபகம் வந்தது. வேர்க்கடலை இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தேய்த்தால் இதே நிறத்தில் பொடி ஒட்டும். அதற்கும் துரு என்றுதான் பெயர். ஆனால் பெயர்தான் ஒன்று, சங்கதி வேறு. இரும்புத் துருவுக்கு உயிர் கிடையாது. கடலைத் துருவுக்கு உயிர் உண்டு. அது ஒரு பூசணம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. நீங்கள் பார்க்கிற காவிப் பொடி அதன் வித்துக்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் 40 வித்துக்களை வரிசையாக அடுக்கலாம் என்றால் அதன் அளவைப் புரிந்துகொள்ளுங்கள்.

பூசணம் என்றதும் ஊறுகாயில் பூக்கிறதே, மழைக்காலத்தில் செருப்பில் பூக்கிறதே, அது போலவா என்று கேட்கலாம். அது செத்த பொருளைத் தின்று பிழைப்பது. துருப் பூசணம் அப்படியல்ல. உயிருள்ள பச்சை இலையில்தான் அது வாழும். இலை செத்தால் அதுவும் செத்தது. ஆகையால் அது இலையை ஒரேயடியாகக் கொல்லாது. மாட்டைக் கொல்லாமல் மடியிலேயே தொங்கும் உண்ணியைப் போல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட துருப் பூசணங்களில் ஒரு பெரிய குடும்பத்துக்குப் புக்சீனியேசி என்று பெயர். இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸில் இருந்த புச்சினி என்ற உடற்கூறு ஆசிரியரின் நினைவாக, மிக்கேலி என்பவர் 1729-ல் வைத்த பெயரிலிருந்து வந்தது. பெயரை மறந்துவிடுங்கள், பாதகமில்லை. கடலை, கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை இவற்றுக்கு வருகிற துரு எல்லாம் இந்த ஒரே குடும்பம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் ஒரே குடும்பம் என்பதற்காக ஒன்றின் துரு இன்னொன்றுக்கு ஒட்டாது. கம்பந்துரு கடலைக்கு வராது. கடலைத் துரு கடலை இனத்தைத் தவிர வேறு எதிலும் பிழைக்காது. இது நமக்குச் சாதகமான விஷயம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடலைச் செடியே நமக்கு வெளியூர்ச் சரக்குதான். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மணிலாக்கொட்டை என்று நம் பெரியவர்கள் சொல்லுகிற பெயரிலேயே அது கடல் தாண்டி வந்த கதை இருக்கிறது. செடி வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அதன் துரு கூடவே வரவில்லை. பராகுவே நாட்டில் எடுத்த கடலை இலையை வைத்து 1884-லேயே ஸ்பெகாஸினி என்ற விஞ்ஞானி இந்தப் பூசணத்துக்குப் பெயர் வைத்துவிட்டார். ஆனாலும் 1960-களின் கடைசி வரை அது பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களோடு நின்றிருந்தது. அப்புறம் சில வருஷங்களுக்குள் ஆசியா, ஆப்பிரிக்கா எங்கும் பரவிவிட்டது. நம் சென்னைக்குப் பக்கத்தில் கடலை இலையில் துரு இருப்பதைப் பற்றிய குறிப்பு 1972-ல் 'கரண்ட் சயின்ஸ்' என்ற விஞ்ஞான இதழில் வெளிவந்தது. அதாவது உங்கள் தாத்தா காலத்துச் சாகுபடியில் இந்த நோய் இல்லை. "அந்தக் காலத்துல இப்படி எல்லாம் கிடையாது" என்று பெரியவர்கள் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொல்வது முழு உண்மை.

நோய் எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்போம்.

காற்றில் வரும் வித்து இலைமேல் விழுகிறது. ஈரம் இல்லையென்றால் ஒன்றும் செய்யாது, சும்மா கிடக்கும். ராத்திரி பனி இறங்கியோ தூறல் விழுந்தோ இலை சில மணி நேரம் நனைந்து இருந்தால் போதும், முளை விடும். இந்த முளைக்கு வெளிச்சம் பிடிக்காது, ராத்திரிதான் வசதி. இலையில் மூச்சு விடுவதற்கென்று நுண்ணிய துளைகள் இருக்கின்றன அல்லவா? அதன் வழியாக முளை உள்ளே நுழைகிறது. கதவை உடைத்துக்கொண்டு வரும் திருடன் அல்ல, திறந்து கிடக்கும் ஜன்னல் வழியாக வருகிறவன். உள்ளே போனதும் நூல் நூலாகப் பரவி, ஒவ்வொரு அறையிலும் ஒரு உறிஞ்சியைச் செருகி, செடி தயாரித்த சத்தை எடுத்துக்கொள்கிறது. வெளியே உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏழெட்டு நாளிலிருந்து இருபது நாள் வரை இந்தத் திருட்டு மறைவாக நடக்கும். பிறகு இலையின் அடிப்பக்கத்தில் குண்டூசித் தலையை விடச் சின்னதாக ஒரு கொப்புளம் கிளம்பும். அது வெடித்தால் காவிப் பொடி. ஒவ்வொரு கொப்புளத்திலும் ஆயிரக்கணக்கில் வித்துக்கள். நூறில் ஒன்று பிழைத்தால்கூட அடுத்த சுற்றில் பத்து மடங்கு கொப்புளம். மூன்று சுற்று போனால் கொல்லையே காவி கட்டிக்கொள்ளும்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சம்தான்.

இருபது வருஷத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் இல்லாத அம்மா ஒருவர், கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கடலை போட்டிருந்தார். மார்கழிப் பட்டம். "தம்பி, எலையில புள்ளி புள்ளியா இருக்குது, வந்து பாருங்க" என்று ஆள் விட்டார். போனேன். வரப்பில் நின்றபடியே பார்த்தேன். இலையின் மேல் கறுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். டிக்கா இலைப்புள்ளி என்று முடிவு கட்டி, கார்பென்டாசிம் மருந்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். அந்த அம்மா கம்மலை அடகு வைத்து மருந்து வாங்கி இரண்டு தரம் தெளித்தார். கறுப்புப் புள்ளி நின்றது. ஆனால் மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தால், கொல்லை நெருப்பில் வாட்டியது மாதிரி இருக்கிறது. இலையெல்லாம் காய்ந்து சுருண்டு, உதிராமல் கொடியிலேயே தொங்குகிறது.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி, இலையைத் திருப்பி என் கையில் வைத்தார். "நீங்க அடிப்பக்கம் பாக்கவே இல்லியே தம்பி" என்றார். விரலெல்லாம் காவி. இருபது மூட்டை வரவேண்டிய இடத்தில் ஒன்பது மூட்டை வந்தது. அதிலும் பருப்பு சூம்பல். கம்மல் அந்த வருஷம் திரும்பவில்லை.

தப்பு என்னுடையது. மருந்து மோசமில்லை. கார்பென்டாசிம் டிக்காவுக்கு நல்ல மருந்து. ஆனால் துருவுக்கு அது கேட்காது. டிக்காவை உண்டாக்கும் பூசணமும் துருப் பூசணமும் பூசணம் என்ற ஒரே பெயருக்குள் இருந்தாலும் வெகு தூரத்துச் சாதிகள். ஒன்றின் வளர்ச்சியை நிறுத்துகிற மருந்து மற்றொன்றைத் தொடுவதில்லை. இரண்டு நோயும் சேர்ந்தே வருவதுதான் வழக்கம். டிக்காவை மட்டும் நிறுத்தினால் பச்சை இலை அதிகம் தங்கும், துருவுக்கு அது விருந்து. இரண்டும் சேர்ந்து தாக்கினால் மகசூலில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் அந்த அம்மாவின் களத்தில் படித்தேன்.

இரண்டையும் பிரித்து அறிவது கஷ்டமில்லை. டிக்கா என்றால் புள்ளி கறுப்பு அல்லது பழுப்பு, இலை சீக்கிரம் உதிரும், குனிந்து பார்த்தால் தரையில் இலை கிடக்கும். துரு என்றால் மேல்பக்கம் சின்ன மஞ்சள் பொட்டு, அதற்கு நேர் கீழே அடிப்பக்கத்தில் காவிக் கொப்புளம். இலை காயும், ஆனால் உதிராது. சந்தேகமாக இருந்தால் வேட்டித் தலைப்பால் இலையின் அடியைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் காவி படிந்தால் அது துரு. இப்போது பலபேர் செல்போனில் இலையைப் படம் எடுத்து அனுப்பி மருந்து கேட்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் பத்துப் படம் வந்தால் ஒன்பது மேல்பக்கம் எடுத்ததாகத்தான் இருக்கிறது. அடிப்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள் ஐயா!

இன்னொரு தப்பும் நடக்கிறது. செடி மஞ்சளாகிக் காய்வதைப் பார்த்து, "காய் முத்திடுச்சு" என்று பிடுங்கிவிடுகிறார்கள். உரித்துப் பார்த்தால் ஓட்டின் உட்புறம் இன்னும் வெள்ளையாகவே இருக்கும். முத்தின காயில் உள்தோல் கறுத்திருக்க வேண்டும். அப்படிக் கறுக்காமல் செடி மட்டும் காய்கிறதென்றால் அது முதிர்ச்சியல்ல, நோய்.

சரி, என்ன செய்வது?

விதைத்து 35 நாளிலிருந்து வாரம் ஒரு தரம் கொல்லைக்குள் இறங்குங்கள். வரப்பில் நின்று பார்ப்பது பார்வையல்ல, அதற்கு நான் சாட்சி. கொல்லையில் அங்கங்கே பத்து இடத்தில் அடி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கொப்புளம் தென்பட்ட உடனே ஏக்கருக்கு 400 கிராம் மாங்கோசெப், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளியுங்கள். அல்லது குளோரோதலோனில் அதே 400 கிராம். குளோரோதலோனில் டிக்கா, துரு இரண்டையும் பிடிக்கும், விலை கொஞ்சம் கூடுதல். 15 நாள் கழித்து இன்னொரு தரம். இந்த மருந்துகள் இலைமேல் காவல் நிற்பவை. இலைக்குள் போய்விட்ட பூசணத்தை இழுத்து வெளியே போடாது. அதனால்தான் 'உடனே' என்கிறேன். கொல்லை காவியான பிறகு தெளிப்பது வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுகிற வேலை.

தெளிக்கிற ஆள் நடந்துகொண்டே மேலாக அடித்துவிட்டுப் போவார். நோய் இருப்பதோ அடியில். நாசிலை மேல்நோக்கித் திருப்பி, இலையின் அடி நனையும்படி அடிக்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடப் போகும். ஆனாலும் மேலாக இரண்டு தரம் அடிப்பதைவிட இப்படி ஒரு தரம் அடிப்பது மேல். காற்றுக்கு எதிரே நின்று தெளிக்க வேண்டாம், மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். மருந்து தெளித்த கொடியை உடனே மாட்டுக்குப் போடாதீர்கள். டப்பாவோடு வருகிற சீட்டில் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போட்டிருக்கும், படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அறுவடைக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கையில்தான் துரு தலைகாட்டுகிறது என்றால் நான் மருந்து சொல்வதில்லை. செலவு திரும்பாது.

மருந்துக்கு முன்னாலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. கடலைத் துரு கடலையைத் தவிர வேறு எதிலும் பிழைக்காது என்று முன்னே சொன்னேனே, அதற்கு இங்கேதான் வருகிறேன். அதன் காவி வித்துக்கள் காய்ந்த சருகில் அதிக நாள் தாங்காது. நல்ல வெயிலில் 40 டிகிரி சூட்டில் நாள் கணக்கில் செத்துவிடும். விதைப் பருப்புக்குள் புகுந்து அடுத்த பட்டத்துக்கு வருவதும் இல்லை. அப்படியானால் வருஷா வருஷம் எங்கிருந்து வருகிறது? நாம்தான் வளர்க்கிறோம். ஒரு கொல்லையில் மானாவாரிக் கடலை பிடுங்குவதற்குள் பக்கத்துக் கிணற்றடியில் இறவைக் கடலை முளைத்துவிடுகிறது. அது முடிவதற்குள் இன்னொரு கொல்லையில் அடுத்தது. நடுவிலே, அறுவடையில் மண்ணுக்குள் விட்டுப்போன காய்கள் முதல் மழைக்குத் தானாக முளைத்து நிற்கின்றன. துருவுக்கு ஒரு நாளும் பட்டினி இல்லை. ஒரு ஊரில் ஒரு பட்டத்துக்கும் அடுத்த பட்டத்துக்கும் இடையே ஒரு மாதமாவது கடலைச் செடியே இல்லாமல் இருந்தால், அந்த ஊருக்குள் துரு தங்காது. தானாக முளைத்த செடிகளைப் பிடுங்கிப் போடுவது இதில் பாதி வேலை. ஆட்டை விட்டு மேய்த்தாலே ஆச்சு.

இதை ஒருத்தர் மட்டும் செய்து பிரயோசனம் இல்லை என்பது எனக்குத் தெரியும். காற்றுக்கு வரப்பு கிடையாது. ஆனால் ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர்களுக்கு விதைப்புத் தேதியைக் கூடிப் பேசி வைத்துக்கொள்வது பெரிய காரியமா என்ன? சொந்த அபிப்பிராயம் சொல்கிறேன்: மருந்துக் கடையில் நிற்கிற நேரத்தில் பாதியை ஊர்ப் பொதுவில் உட்கார்ந்து இதைப் பேசச் செலவிட்டால் அதிகப் பலன் உண்டு.

ரகம் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் பழைய ரகமான டி.எம்.வி. 2 நல்ல ரகம், ஆனால் துருவுக்கு வெகு சீக்கிரம் இளகும். ஐதராபாத் பக்கத்திலுள்ள இக்ரிசாட் நிலையத்தில் துருவைச் சோதிக்கும்போது, "நோய் நன்றாகப் பிடிக்கும் ரகம்" என்று ஒப்பிட்டுப் பார்க்கவே இதை நடுகிறார்கள் என்றால் பாருங்களேன். ஆழியாறு நகர் நிலையத்திலிருந்து வந்த ஏ.எல்.ஆர். ரகங்கள் துருவை ஓரளவு தாங்குகின்றன. தார்வாட்டில் உருவான ஜி.பி.பி.டி. 4 என்ற ரகத்துக்குத் துருவும் டிக்காவும் இரண்டுமே அதிகம் ஏறுவதில்லை. அந்தத் தாங்கு சக்தி தென் அமெரிக்கக் காட்டுக் கடலை ஒன்றிலிருந்து வந்தது. நோய் பிறந்த இடத்திலேயே மாற்றும் பிறந்திருக்கிறது. உங்கள் மண்ணுக்கும் பட்டத்துக்கும் எது ஒத்துவரும், விதை எங்கே கிடைக்கும் என்பதை வட்டார விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலையோடு கம்பு அல்லது சோளம் ஊடுபயிராகப் போடுவதும் நல்லது. மூன்று சால் கடலைக்கு ஒரு சால். உயரமான பயிர் நடுவே நின்று காற்றில் வரும் வித்தைக் கொஞ்சம் தடுக்கும்.

கம்பு என்றதும் ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. கம்பந்துருவுக்கு இரண்டு வீடு. கம்பில் ஒரு வாழ்க்கை, கத்தரிச் செடியில் இன்னொரு வாழ்க்கை! கத்தரி இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் மாதிரி கிளம்பும். அதிலிருந்து போகும் வித்து கத்தரிக்குத் தொற்றாது, கம்புக்குத்தான் போகும். மக்காச்சோளத் துருவுக்கு இப்படி இரண்டாம் வீடு புளியாரைக் கீரை இனம். அதற்காகக் கத்தரித் தோட்டத்தை அழிக்க வேண்டுமா என்றால், வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் கம்புக்குக் கம்பே துரு தொற்றிக்கொண்டு போகும், கத்தரி இல்லாவிட்டாலும் நிற்காது. விதைக்கென்று கம்பு போடுகிறவர்கள் மட்டும் கத்தரிக்குப் பக்கத்தில் போடாமல் இருந்தால் போதும்.

காற்றில் இது எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பீர்கள். நம் நீலகிரியையும் பழனி மலையையும் கேட்டால் சொல்லும். வட இந்தியாவில் கோதுமை அறுத்த பிறகு வரும் கோடைச் சூட்டில் கோதுமைத் துரு செத்துப்போகிறது. பின்னே அடுத்த வருஷம் எங்கிருந்து வருகிறது என்று ஆக்ராவில் இருந்த கே. சி. மேத்தா என்ற விஞ்ஞானி வருஷக்கணக்கில் தேடினார். குளிர்ந்த மலைகளில் வருஷம் முழுக்கக் கோதுமை இருக்கிறது, அங்கே துருவும் தங்குகிறது என்று 1940-ல் வெளிவந்த நூலில் எழுதினார். தண்டுத் துருவுக்கு நீலகிரியும் பழனியும்தான் முக்கிய இருப்பிடம். ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் கிளம்பினால், அந்தக் காற்றோடு வித்து மத்திய இந்தியா வரை போய் மழையோடு இறங்குகிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். சாந்தோம் கரையில் அலையைக் கிளப்புகிற அதே புயல்தான். இதைக் கண்காணிப்பதற்காக நீலகிரியில் வெலிங்டனில் ஒரு கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

துரு ஒரு நாட்டையே மாற்றிய கதையும் உண்டு. இலங்கையில் 1869-ல் காப்பித் தோட்டங்களில் இதன் உறவுப் பூசணம் ஒன்று தென்பட்டது. 1880-ல் மார்ஷல் வார்டு என்ற இளைஞரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். நோய் வருகிற விதத்தை அவர் சரியாகவே கண்டுபிடித்துச் சொன்னார். ஆனால் மலை முழுவதும் ஒரே பயிர், நடுவில் இடைவெளி இல்லை, காலமும் கடந்துவிட்டது. காப்பி அழிந்து அந்த மலைகளில் தேயிலை வந்தது. காப்பிக் கூலிக்கென்று நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன ஜனங்களின் பிழைப்பு அதோடு புரண்டது.

அந்த வந்தவாசி அம்மா இப்போதும் கடலைதான் போடுகிறார். மகன் பார்த்துக்கொள்கிறார். போன பட்டத்தில் அவர் கொல்லையில் நாற்பத்திரண்டாம் நாள் முதல் கொப்புளம் கண்டது, நாற்பத்து மூன்றாம் நாள் மாங்கோசெப் தெளித்தாகிவிட்டது. கண்டது யார் என்று கேட்டேன். அம்மாதான். கண் சரியாகத் தெரியாது, இலையின் அடியை விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

கடைசியாக ஒரு விஷயம். இலையை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிக் கொண்டுவருகிறீர்கள். வந்து சேர்வதற்குள் அது வேர்த்து அழுகி, எந்த நோய் என்றே தெரியாமல் போகிறது. பழைய செய்தித்தாளில் மடித்து, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவாருங்கள். ஒரு இலை போதாது. அடி இலை இரண்டு, நடு இலை இரண்டு, நுனி இலை இரண்டு. விதைத்த தேதியையும் இதுவரை தெளித்த மருந்தின் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதி அதோடு வையுங்கள்.